நாயுடுபுரம் வாக்குச்சாவடியின் முதல் ஆள்

1

2021 ஏப்ரல் 6, செவ்வாய்க்கிழமை. ஆறு மணிக்கு எழுந்தேன். சமையலறை ஜன்னலுக்கு வெளியே தொங்கும் வெப்பமானியில் ஏழு டிகிரி. தேநீர் குடித்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு தெருமுனை ரொட்டிக்கடைக்கு நடந்தேன். கடை ஆறரைக்குத் திறக்கும். கதவில் தொங்கும் பலகையைக் கடைக்காரப் பெண் திருப்பி மாட்டும்போதே நான் வாசலில் நிற்பேன். அந்த நேரத்தில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள். காத்திருக்க வேண்டியதில்லை, யாருடைய முதுகையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ரொட்டியை வாங்கிக்கொண்டு உடனே வீடு திரும்பிவிடலாம். ஆண்டுக்கணக்கில் இப்படித்தான் செய்துவருகிறேன். இதை ஒரு கெட்டிக்காரத்தனம் என்றே நினைத்திருந்தேன்.

நான் இருப்பது நியூசிலாந்தின் தென்கோடியில், இன்வர்கார்கில் என்ற ஊரில். மருத்துவமனை ஆய்வகத்தில் இரத்தப் பரிசோதனை செய்யும் வேலை. ஈஸ்டருக்கு மறுநாள் திங்கள் நாடு முழுவதும் விடுமுறை. அதற்கு அடுத்த செவ்வாய் எங்கள் மாகாணத்துக்கு மட்டும் விடுமுறை, மாகாணம் உருவானதைக் கொண்டாடும் நாளாம். எங்கள் தெருவில் கொடியேற்றமோ கூட்டமோ நான் பார்த்ததில்லை. புல் வெட்டும் இயந்திரங்களின் சத்தம் மட்டும் கேட்கும். நான் படுக்கை விரிப்புகளைத் துவைத்து உலர்த்தினேன். குளிர்பதனப் பெட்டியைத் துடைத்தேன். மூன்று வேளைக்கும் போதுமான சாம்பார் வைத்தேன்.

கணவர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மகள் கயல் டனீடனில் படிக்கிறாள். காரில் இரண்டரை மணி நேரம். ஈஸ்டருக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். பிறகு நண்பர்களோடு மலையேறப் போவதாகச் செய்தி வந்தது, கூடவே ஒரு படமும். மலை நன்றாக இருந்தது. அவள் விரும்பிச் சாப்பிடும் வாழைக்காயைப் பொரித்து நானே சாப்பிட்டேன்.

கொரோனாவுக்காக நாட்டின் எல்லையை மூடி ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஊருக்குப் போவதுகூடப் பெரிதில்லை. திரும்பி வரும்போது தனிமைப்படுத்தும் விடுதியில் ஓர் அறை கிடைக்க வேண்டும். அதற்கு இணையத்தில் ஆயிரக்கணக்கானவர்களோடு முட்டிமோத வேண்டும். நான் இரண்டு முறை முயன்றேன். இரண்டு முறையும் திரை, ‘இடம் இல்லை, பிறகு முயலுங்கள்’ என்று மரியாதையாகச் சொன்னது. ஆகவே எனக்கு ஊர் என்பது கைப்பேசிக்குள் இருக்கிறது.

அன்று தமிழ்நாட்டில் சட்டமன்றத் தேர்தல். இங்கே மதியம் ஒன்றரை ஆகும்போது அங்கே காலை ஏழு. வாக்குப்பதிவு தொடங்கும் நேரம். அந்த நேரத்தில் கொடைக்கானல் நாயுடுபுரத்துப் பள்ளிக்கூட வாசலில், வரிசையின் முதல் ஆளாக என் அப்பா நிற்பார். சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும் என்பதைப் போல, எங்கள் வீட்டில் யாரும் விவாதிக்காத விஷயம் அது.

2

எங்கள் தொகுதியின் பெயர் பழநி. வெளியூர்க்காரர்களுக்குப் பழநி என்றால் கோயில். எங்களுக்கு அது, மலையையும் அடிவாரத்தையும் ஒரே கயிற்றில் கட்டிவைத்த தொகுதி. கீழே ஆயக்குடியில் கொய்யாக் கூடைகளுக்கு நடுவே, வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஓட்டுக் கேட்கும் வேட்பாளர், மறுநாள் மேலே கூக்காலில் கம்பளி போர்த்திய பூண்டு விவசாயிகளின் முன்னால் குளிரில் பல் கிடுகிடுக்கக் கைகூப்பியாக வேண்டும். கொய்யாவுக்குச் சொன்ன வாக்குறுதியைப் பூண்டுக்குச் சொல்ல முடியாது. அதனால் பெரும்பாலும் மேலே வந்ததும் வணக்கம் மட்டும் சொல்வார்கள்.

கொண்டை ஊசி வளைவுகள் பழகாத வேட்பாளர்கள் வழியில் வண்டியை நிறுத்தி வாந்தி எடுப்பதும் உண்டு. அதைப் பற்றி எங்கள் தெருவில் பிரசித்தமான ஒரு பேச்சு இருந்தது.

“வாந்தி எடுக்காம மேல வந்து சேந்தவனுக்குத்தேன் நம்ம ஓட்டு. இந்த வளைவுக்கே தாங்காதவன் கோட்டையில போயி என்னத்தப் பேசிக் கிழிக்கப் போறான்?”

இப்படிச் சொன்னவர் பொன்னுச்சாமி மாமா. கூக்காலில் பூண்டும் உருளைக்கிழங்கும் பயிரிட்டவர். மூட்டுவலி வந்தபின் நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு, நாயுடுபுரத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்த மகன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அவர் வந்த பிறகுதான் அப்பாவுக்குச் சரியான எதிரி கிடைத்தார்.

அப்பா பெயர் கருப்பையா. இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசைவீட்டில், பிறந்தவர். அங்கே விடிவதற்கு முன்பே கொம்பு ஊதுவார்கள். தொழிலாளர்கள் எல்லோரும் களத்தில் வந்து வரிசையாக நிற்க வேண்டும். கங்காணி தலைகளை எண்ணி வேலைக்கு அனுப்புவார். அதற்குப் பெரட்டு என்று பெயர். பெரட்டுக்குப் பிந்தி வந்தவனுக்கு அன்று வேலை இல்லை. அப்பா எந்த வரிசையையும் இன்றுவரை பெரட்டு என்றுதான் சொல்கிறார், ரேஷன் கடை வரிசையைக்கூட.

அப்பாவுக்குப் பதின்மூன்று வயதிருக்கும்போது அந்த நாட்டில் ஒரு தேர்தல் நடந்தது. அதற்கு முந்தைய தேர்தலில் ஓட்டுப் போட்டவர் அவருடைய தகப்பனார். இடைப்பட்ட காலத்தில் தோட்டத் தமிழர்களின் குடியுரிமையையும் வாக்குரிமையையும் பறித்துவிட்டார்கள். அந்தச் சட்டமெல்லாம் லயத்துக்கு முழுதாக வந்து சேரவில்லை. தகப்பனார் சலவை வேட்டி கட்டி, மகனைக் கையில் பிடித்துக்கொண்டு சாவடிக்குப் போயிருக்கிறார். மேசைக்குப் பின்னால் இருந்தவர் தலையை நிமிர்த்தாமலே, “பேர் இல்ல, போ” என்றிருக்கிறார். வரிசை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு பேரும் திரும்பி நடந்திருக்கிறார்கள். அப்பா இதை எங்களிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார். சொன்னபோதும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னார்.

எனக்கு மூன்று வயதாகும்போது, இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்களோடு நாங்களும் கப்பலேறி மண்டபம் முகாமுக்கு வந்தோம். அங்கிருந்து கொடைக்கானல் காடுகளில் வாட்டில் மரப்பட்டை உரிக்கும் வேலைக்கு அப்பா வந்தார். முப்பத்தெட்டாவது வயதில் அவருக்கு முதல் ஓட்டு. ‘சிலோன்காரங்க மத்தியானத்துக்கு மேல போனா, வேற எவனாச்சும் போட்டுட்டுப் போயிருப்பான்’ என்று அப்போது ஒரு வதந்தி இருந்தது. அதனால் இருட்டோடு போய் முதல் ஆளாக நின்றார். வதந்தி போய்விட்டது. பழக்கம் தங்கிவிட்டது.

பொன்னுச்சாமி மாமாவும் கூக்கால் சாவடியில் முதல் ஆளாக நின்று பழகியவர். நாயுடுபுரம் வந்த முதல் தேர்தலில், போர்வையும் பிளாஸ்க்குமாக இருட்டோடு போய்ப் பார்த்தால் அப்பா நிற்கிறார். அடுத்த தேர்தலுக்கு முதல்நாள் மாலையே பள்ளி வாசலில் ஒரு கல்லை வைத்து, அதன்மேல் தன் பழைய செருப்பையும் வைத்துவிட்டு வந்தார். மறுநாள் விடிகாலையில் அப்பா அந்தக் கல்லைக் காலால் ஒதுக்கிவிட்டு நின்றுகொண்டார்.

“ஏலே கருப்பையா, அது என் எடம்ல?”

“கல்லுக்கு ஓட்டு இல்லதானே?”

“செருப்பு யாருதுன்னு தெரியும்ல ஒனக்கு?”

“செருப்புக்கும் இல்ல.”

இரண்டு பேரும் ஆதரிப்பது வேறு வேறு கட்சி. அதைப் பற்றி அவர்கள் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. யார் முதலில் என்பதுதான் சண்டை. நான் ஊரைவிட்டு வந்த பிறகும், ஒவ்வொரு தேர்தலன்றும் அப்பா தொலைபேசியில் முதலில் சொல்வது யார் ஜெயிப்பார்கள் என்பதை அல்ல. “நான்தான். அவன் ரெண்டாவது” என்பார்.

3

சென்ற அக்டோபரில் நான் இங்கே ஓட்டுப் போட்டேன். என்னிடம் இன்னும் இந்தியக் கடவுச்சீட்டுதான் இருக்கிறது. ஆனால் இந்த நாட்டில் நிரந்தரமாகக் குடியிருந்தாலே போதும், ஓட்டு உண்டு. அரசாங்கமே விவரங்களைப் பூர்த்தி செய்து, சரிதானா என்று கேட்டுக் கடிதம் அனுப்பியது. அதை மூன்று முறை படித்தேன். எங்கோ ஒரு பிழை இருக்கும், பிறகு கூப்பிட்டு விசாரிப்பார்கள் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. யாரும் கூப்பிடவில்லை.

வாக்களிக்கும் நாளுக்கு முன்பே இரண்டு வாரம் சாவடிகள் திறந்திருக்கும். நான் வேலைக்குப் போகும் வழியில், ஒரு தேவாலயத்தின் கூடத்துக்குக் காலையிலேயே போனேன். கிருமி பயத்தால் சொந்தப் பேனா கொண்டுவந்தால் நல்லது என்று சொல்லியிருந்தார்கள். நான் இரண்டு கொண்டுபோனேன். கூடத்தில் மூன்று மேசைகள், மூன்று பெண்கள். வேறு யாரும் இல்லை. வரிசை எங்கே தொடங்குகிறது என்று கேட்டேன். வயதான ஒரு பெண் சிரித்துக்கொண்டே, “நீங்கள்தான் வரிசை” என்றார்.

சீட்டைப் பெட்டியில் போட்டதும் பழக்கத்தில் இடது கைச் சுட்டுவிரலை அவர் முன்னால் நீட்டினேன். அவர் என் விரலை உற்றுப் பார்த்தார். “காயமா? பிளாஸ்திரி வேண்டுமா?” என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அன்று மாலை அப்பாவிடம் சொன்னேன்.

“நீ அந்த நாட்டுப் பிரஜையா?”

“இல்லப்பா. இங்க இருந்தா போதும்.”

  அப்பா சொன்னார்: “நான் பொறந்த நாட்டுல எனக்கு ஓட்டு ஏலாதுன்னாங்க. நீ பொழைக்கப் போன நாட்டுல கூப்பிட்டுக் குடுக்குறான்.” அடுத்துக் கேட்டார்: “பெரட்டு பெரிசா இருந்துச்சா?”

“யாருமே இல்லப்பா. நான் மட்டும்தான்.”

“ச்சே” என்றார் அப்பா. ஏதோ எனக்கு வைத்த விருந்தில் உப்பில்லை என்பது போல.

4

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். மதியம் பன்னிரண்டு மணி வாக்கில் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தபோது சேகர் அழைத்தான். சேகர் என் தம்பி. கொடைக்கானலில் சுற்றுலா டாக்சி ஓட்டுகிறான். அப்பா அவனோடு இருக்கிறார். அங்கே அப்போது காலை ஐந்தரை.

“அக்கா, அப்பாவக் காணோம். படுக்கை மடிச்சிருக்கு. வெள்ளச் சட்டையக் காணோம், குடையக் காணோம்.”

“இன்னைக்கு எலக்‌ஷன்டா. பூத்துக்குப் போயிருப்பாரு.”

“அதான்க்கா பிரச்சனையே.”

அவன் சொன்ன பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அந்தத் தேர்தலில் எண்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் விரும்பினால் வீட்டிலிருந்தே தபால் ஓட்டுப் போடலாம் என்று ஏற்பாடு வந்திருந்தது. அப்பாவுக்கு எண்பத்திரண்டு. கொரோனாவுக்குப் பயந்து, கூட்டத்தில் நிற்கவேண்டாம் என்று சேகர் அவர் பெயரைக் கொடுத்துவிட்டான். வேறு காகிதங்களோடு சேர்த்து அவரிடம் கையெழுத்தும் வாங்கியிருக்கிறான். சொன்னால் சம்மதிக்கமாட்டார் என்று சொல்லவில்லை. ஒரு வாரத்துக்கு முன், அலுவலர்கள் இருவரும் ஒரு போலீஸ்காரரும் வீடியோ எடுப்பவருமாக வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நல்ல மழை. எங்கள் வீட்டுக்கு ஏறும் எழுபது படிகளையும் ஏறி, நனைந்து, மூச்சு வாங்க வந்து நின்றிருக்கிறார்கள்.

“அப்பா என்ன சொன்னாரு?”

“‘ஆறாம் தேதி நான் வருவேன்தானே, நீங்க ஏன் சிரமப்பட்டீங்க’ன்னாரு. நான்தான், மழையில ஏறி வந்திருக்காங்கப்பா, அவங்களுக்காகப் போட்டுருங்கன்னு சொன்னேன். உடனே துண்டு எடுத்துக் குடுத்தாரு, டீ போடச் சொன்னாரு, பிஸ்கட் வச்சாரு. வந்தவங்கள வெறுங்கையோட அனுப்பக் கூடாதுன்னு சீட்டுல டிக் அடிச்சு கவர்ல போட்டுக் குடுத்துட்டாரு.”

“அப்ப அதான் அவர் ஓட்டு. இன்னைக்குப் போட முடியாதே!”

“அவர் அத ஓட்டாவே நெனைக்கலக்கா. மிஷின் இல்ல, மை வைக்கல. பஸ் ஸ்டாண்டுல மிஷின் வச்சு டெமோ காட்டினாங்கள்ல, அது மாதிரி ஒண்ணுன்னு நெனச்சுட்டாரு. நேத்து ராத்திரி சட்டைய அயர்ன் பண்ணச் சொன்னாரு. என்னால சொல்ல முடியல.”

விருந்தாளிகளை மனம்கோணாமல் அனுப்புவதற்காக என் அப்பா தன் ஓட்டைப் போட்டிருக்கிறார். சிரிப்புத்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் மேசைக்குப் பின்னால் இருப்பவர் பெயரைப் பார்த்துவிட்டுத் தலையசைப்பார். வரிசை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும். அப்பா திரும்பி நடக்க வேண்டும். அறுபத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் நடந்த மாதிரி.

“சேகர், ஓடு. வாசல் தெறக்குறதுக்கு முன்னாடி சொல்லிக் கூட்டிட்டு வந்துரு.”

“நீ சொல்லுக்கா. நான் சொன்னா அடிப்பாரு.”

“எண்பத்திரண்டு வயசுலயா?”

“இப்பத்தான் கையில குடை இருக்குல்ல.”

5

அழைப்பைத் துண்டிக்காமலே சேகர் நடந்தான். திரையில் அவன் தாடையும், மூடுபனியும், எங்கள் தெருவின் சைப்ரஸ் மரங்களும் குலுங்கிக் குலுங்கி வந்தன. பள்ளிக்கூடத்துக்கு நூறு மீட்டர் முன்னால் சாலையில் சுண்ணாம்புக் கோடு. “போன் உள்ள கொண்டு போகக் கூடாது” என்றது ஒரு போலீஸ் குரல். கோட்டுக்கு இந்தப் பக்கம் பாக்கியம் அக்காவின் டீக்கடை. பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவர். சேகர் என்னை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

பாக்கியம் அக்கா என்னைப் பிஸ்கட் ஜாடியின் மேல் சாய்த்து வைத்தார். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: பட்டர் பிஸ்கட், அதற்கு அப்பால் ஈரமான சாலையின் ஒரு துண்டு, அதற்கு அப்பால் வெள்ளையாகப் பனி. பனிக்குள் எங்கோ என் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

“செல்வி, நல்லாருக்கியா? அங்க இப்ப ராத்திரியா?”

“மத்தியானம்க்கா. அப்பா நிக்கிறது தெரியுதா?”

“நிக்கிறாரு, நிக்கிறாரு. மொத ஆளு. கூக்கால் பெருசு ரெண்டாவதா நின்னுக்கிட்டு என்னமோ பொருமிக்கிட்டு கெடக்கு. வரிசை கேட்டத் தாண்டி வந்துருச்சு. அங்கயும் இந்த மாதிரி குளிருமா?”

“குளிரும்க்கா. சேகர் கிட்டப் போய்ட்டானா?”

“போறான். என்னமோ சொல்றான். உங்கப்பா குடைய நீட்டுறாரு. அட, சேகரு வரிசைக் கடைசிக்குப் போய் நிக்கிறான்!”

பிறகு சேகர் சொன்னான்: அவன் வாயைத் திறப்பதற்குள் அப்பா, “முந்தாத. பெரட்டுல பின்னால போய் நில்லு” என்றாராம். அத்தனை பேர் முன்னால் விஷயத்தைச் சொல்லவும் அவனுக்கு நாக்கு எழவில்லை.

ஏழு மணி அடித்திருக்க வேண்டும். பாக்கியம் அக்கா வாடிக்கையாளர்களைக் கவனிக்கப் போய்விட்டார். நான் பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டம்ளர் மோதும் சத்தம், பால் பொங்கும் சத்தம், யாரோ வெரசா வாங்க என்று யாரையோ விரட்டும் சத்தம். என் வீட்டில் கடிகாரத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. மடித்த விரிப்பை மறுபடி பிரித்து மறுபடி மடித்தேன். இங்கிருந்து செய்யக்கூடியது வேறொன்றும் இல்லை.

முதலில் கேட்டது பொன்னுச்சாமி மாமாவின் குரல். சாலையின் அந்தப் பக்கத்திலிருந்தே முழக்கிக்கொண்டு வந்தார்.

“களவாணிப்பய! பாக்கியம், ஒனக்கு விசயம் தெரியுமா? வீட்டுக்கே பெட்டிய வரவச்சு, ஒரு வாரம் முந்தியே போட்டுப்புட்டான்! நான் இங்க வெள்ளனே எந்திரிச்சு வந்து, குளிர்ல வெறச்சுப்போயி நிக்கிறேன். இவன் டீய ஊத்திக் குடுத்துச் சோலிய முடிச்சுருக்கான்!”

ஒருவர் முகத்துக்குப் பின் ஒருவர் முகமாக மாமா, அப்பா, சேகர் மூவரும் ஜாடிக்கு முன்னால் வந்தார்கள். அப்பாவின் வலது கையில் சாவடி வாசலில் கொடுத்த பிளாஸ்டிக் கையுறை இன்னும் இருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே நடந்ததை முன்னால் நின்றவர்கள் சேகரிடம் சொல்லியிருந்தார்கள். அலுவலர் பெயரைத் தேடி எடுத்து, “ஐயா, உங்க ஓட்டு தபால்ல ஆயிருச்சுங்க. இங்க போட முடியாதுங்க” என்று மரியாதையாகத்தான் சொன்னாராம். அப்பா கேட்டாராம், “பேர் இருக்குதானே?”

“பேர் இருக்குங்கய்யா.”

“இருந்தும் ஏலாதா?”

அலுவலர் மறுபடி விளக்கினாராம். அப்பாவுக்கு விளங்கியது. விளங்கியதும் அசையாமல் நின்றுவிட்டார். திரும்பினால் வரிசை. அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டு வெளியே வர வேண்டும். அப்போதுதான் அவருக்குப் பின்னால் நின்ற பொன்னுச்சாமி மாமா விஷயத்தைப் புரிந்துகொண்டு கத்த ஆரம்பித்திருக்கிறார். அலுவலர், சத்தம் போடாதீங்க பெரியவரே என்று சொல்லியும் கேட்கவில்லை. வாசலுக்கு வந்து வரிசை முழுவதற்கும் கேட்கிற மாதிரி, “எல்லாரும் கேட்டுக்கங்கப்பா! இந்தப் பூத்துக்கு மொத ஓட்டு இந்தச் சிலோன்காரன்தேன், போன வாரமே! நான் ரெண்டாவது! நீங்கள்லாம் அதுக்குப் பொறவு!” என்றாராம். வரிசை சிரித்திருக்கிறது. யாரோ கை தட்டினார்களாம். அந்தச் சிரிப்புக்கு நடுவே அப்பா வெளியே நடந்து வந்திருக்கிறார். மாமா உள்ளே திரும்பித் தன் ஓட்டைப் போட்டுவிட்டு வந்து சேர்ந்துகொண்டாராம்.

மாமாவின் அந்தக் கோபம் நிஜமா, அல்லது வேறு ஏதாவதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அவரிடம் கேட்டால், தோற்ற கோபம் என்றுதான் சொல்வார்.

“அப்பா” என்று கூப்பிட்டேன்.

அப்பா ஜாடியின் பக்கம் திரும்பினார். “செல்வி, நீ சொல்லு. மொத ஆளுன்னா என்னா? பின்னால ஆள் நிக்கணும்தானே? அன்னைக்கு வீட்டுல எனக்குப் பின்னால யாரு நின்னா? பீரோதான் நின்னுச்சு.”

“பீரோவுக்குப் பதினெட்டு வயசு ஆயிருச்சால?” என்றார் பொன்னுச்சாமி மாமா. மை காயாத விரலை அப்பாவின் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டிவிட்டு, டீயை உறிஞ்சினார்.

அப்பா சிரிக்கவில்லை. கையுறையை விரல் விரலாகக் கழற்றினார். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“அங்க நீ போட்டப்ப பின்னால யாரு நின்னா?”

அக்டோபரில் ஒரு முறை சொன்ன பதில்தான். அதையே மறுபடி சொன்னேன். “யாரும் இல்லப்பா.”

அவர் ஜாடியின் பக்கம் குனிந்தார்.  பிறகு, “மத்தியானம் சாப்ட்டியா?” என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை.

“தபால் ஓட்டையும் எண்ணுவாங்கப்பா. அதத்தான் மொதல்ல எண்ணுவாங்க” என்று சேகர் பின்னாலிருந்து சமாதானம் சொன்னான்.

“எண்ணட்டும்” என்றார் அப்பா. “எண்றது அவன் வேல. நிக்கிறது என் வேல.”

டீக்குக் காசு கொடுக்கப் போனவரைப் பொன்னுச்சாமி மாமா தடுத்தார். “மொத ஓட்டுக்காரன் காசு குடுக்கக் கூடாது. உக்காருல.” இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்து, பனிக்குள் நீண்டுகொண்டிருந்த வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சேகர் வரிசைக்குத் திரும்பிப் போனான், மறுபடியும் கடைசி இடத்துக்கு. கைப்பேசியில் பேட்டரி குறைகிறது என்று பாக்கியம் அக்கா சொன்னார். அத்தோடு ஊர் அணைந்தது.

6

மாலையில் கயலை அழைத்தேன். இரண்டாவது முறை எடுத்தாள். அவள் தமிழ் நன்றாகத்தான் பேசுவாள். ஆனால் ஒவ்வொரு சொல்லையும் எங்கோ வைத்துவிட்டுத் தேடி எடுப்பது போலப் பேசுவாள். நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். தோட்டத்தையும், ‘பேர் இல்ல, போ’வையும் சேர்த்துத்தான். அது அவளுக்குப் புதிது. நான் இதுவரை சொல்லியிருக்கவில்லை.

“அப்ப தாத்தா ஓட்டு போட்டாச்சு. கவுன்ட் ஆகும். அப்புறம் ஏன் சோகம்?”

“அவருக்கு நிக்கணும்டி.”

“ஓ” என்றாள். புரிந்ததா என்று தெரியவில்லை. பிறகு அவளாகவே மெதுவாகச் சொன்னாள். “அம்மா, அக்டோபர்ல நான் போடல. உன்கிட்ட போட்டேன்னு சொன்னேன். ரெண்டு வாரம் ஓப்பனா இருந்துச்சு, க்யூவே இல்ல. நாளைக்குப் போடலாம், நாளைக்குப் போடலாம்னு… முடிஞ்சுபோச்சு.”

அவள் இந்த நாட்டுப் பிரஜை. அதுதான் அவளுக்கு முதல் தேர்தல். திட்டுவதற்குச் சொற்கள் வந்தன. வரிசையே இல்லாத கூடத்தில், பையில் கையை வைத்துக்கொண்டு தனியாக வெளியே வந்த நான் எதைச் சொல்லித் திட்டுவது என்று தெரியவில்லை.

“தாத்தாகிட்ட சொல்லாதம்மா.”

“சொல்லல. அடுத்த தடவை தேதி வந்ததும் சொல்லு. நான் டனீடன் வரேன். எனக்கு அங்க ஓட்டு இருக்கான்னு பாக்கணும். இல்லாட்டியும் பரவாயில்ல, நீ போடும்போது பின்னால நிக்கிறேன்.”

“அவ்ளோ தூரம் ட்ரைவ் பண்ணியா? சும்மா நிக்கவா?”

“ஆமா.”

“சரி” என்றாள். சிரித்தாள் என்று நினைக்கிறேன். படிக்க வேண்டும் என்று வைத்துவிட்டாள். குறிப்பேட்டில் அன்றைய தேதியின் கீழ் வழக்கம்போல எழுதினேன்: விரிப்புகள், குளிர்பதனப் பெட்டி, சாம்பார். அதன் கீழே, அப்பா முதல், மாமா இரண்டாவது. எட்டரைக்கெல்லாம் படுத்துவிட்டேன்.

ஏப்ரல் 7, புதன்கிழமை. ஆறு மணிக்கு எழுந்தேன். ஐந்து டிகிரி. அப்பாவை அழைக்கலாம் என்று கையில் எடுத்த கைப்பேசியை வைத்துவிட்டேன். அங்கே நள்ளிரவை நெருங்கும் நேரம். தேநீர் குடித்து, கோட்டை மாட்டிக்கொண்டு, ஆறரை ஆனபிறகும் வாசற்கதவுக்கு உள்பக்கமே நின்றேன். ஏழே காலுக்குத்தான் கிளம்பினேன். ரொட்டிக்கடைக்கு வெளியே நடைபாதை வரை ஆட்கள் நின்றிருந்தார்கள். பள்ளிப் பையோடு ஒரு தாயும் மகளும், சேறு படிந்த பூட்ஸ் அணிந்த ஒரு விவசாயி, இரவுப் பணி முடித்த இரண்டு செவிலியர். அவர்களில் ஒருத்தி என்னை அடையாளம் கண்டு தலையசைத்தாள். நான் கடைசியில் போய் நின்றேன். வரிசை ஓரடி நகர்ந்தது. நானும் ஓரடி நகர்ந்தேன். எனக்குப் பின்னால் யாரோ காலணியை நடைபாதையில் தட்டும் சத்தம் கேட்டது.

“இதுதான் வரிசையா?” என்று கேட்டார்.

“ஆமாம்” என்றேன்.